அக்கா நம்பாத தண்ணீர்

டென்மார்க்கில், ரண்டர்ஸ் என்ற பட்டணத்தில் ஒரு கலியாண வீடு. மண்டபத்தில் மேசைக்கு மேசை கண்ணாடிச் சாடியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எல்லாரும் ஊற்றிக் குடித்தோம். அக்கா மட்டும் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மிடறை வாயில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு விழுங்கினார். எதிரே இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மண்டபம் பிடித்தது அவர்தான்.

"என்ன, தண்ணியில பிழையோ?"

"பிழை எண்டு நான் சொன்னனானோ? குழாயில பிடிச்சதோ, வேற எங்கையும் இருந்து வந்ததோ?"

"குழாய்த் தண்ணிதான் பிள்ளை."

"இருக்கட்டும், பாப்பம்."

இந்த "இருக்கட்டும், பாப்பம்" என்பதுதான் அக்கா. வெளியே மழை பெய்கிறது என்று நீங்கள் நனைந்துகொண்டு வந்து சொன்னாலும் யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் சனம் கதையைச் சுருக்கிக்கொள்ளும். எனக்கும் அவரைப் பிடிக்காது என்றுதான் கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் சொந்த அக்கா இல்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், எங்கள் பக்கத்து மனுசி, வேறு எப்படிக் கூப்பிடுவது? தென் யூலாந்தில் நாங்கள் இருக்கும் சிறு பட்டணத்தில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இரண்டு பேர் ஒரே கந்தோருக்கு வேலைக்குப் போனோம். கந்தோர் என்றால், ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். அக்கா இரசாயனம் படித்தவர், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. நான் கடல்வாயில் இருக்கும் மதகுக் கதவைப் பார்க்கிறவன்.

அந்த ஆறு கடலுக்குப் போகிற வழியில் ஒரு துண்டு இரண்டு நாட்டுக்கும் நடுவால் ஓடுகிறது. வலக்கரை டென்மார்க், இடக்கரை ஜெர்மனி. இரண்டு பக்கமும் மேசைபோலத் தட்டையான மேய்ச்சல் நிலம். மாடுகளும் ஆடுகளும் ஆற்றோடு தொடுத்த வாய்க்கால்களில்தான் தண்ணீர் குடிக்கும். கடல் வற்றும்போது கதவைத் திறந்து ஆற்றை வெளியே விடவேண்டும், கடல் ஏறும்போது பூட்டவேண்டும். பூட்டாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி இரண்டு நாட்டு வாய்க்காலையும் கெடுத்துவிடும். கதவு எங்கள் பக்கம் இருப்பதால், உப்பு ஏறினால் ஜெர்மன்காரர் முதலில் எங்களைத்தான் பார்ப்பார்கள்.

முழுவதும் பூட்டினாலும் வில்லங்கம். கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் அரிய மீன் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்காகக் கடல் ஏறத் தொடங்கும் நேரத்தில் கதவைக் கொஞ்ச நேரம் இடைவெளி விட்டுத் திறந்து வைக்கலாம் என்று இரண்டு நாடும் பேசி ஒத்துக்கொண்டிருந்தன. அந்தக் "கொஞ்ச நேரம்" என்பதில்தான் எல்லாருக்கும் சந்தேகம். மீன்பிடிக்காரருக்கு, கதவு வேளைக்கே பூட்டுப்படுகிறதோ என்று. பண்ணைக்காரருக்கு, பிந்திப் பூட்டுப்படுகிறதோ என்று. அக்காவுக்கு இவர்கள் எல்லார்மேலும், அதோடு என்மேலும்.

முதல்நாள் வேலைக்குப் போனபோது, தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோசத்தில், "அக்கா, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் டெனிஷில் பதில் சொன்னார். நான் திரும்பவும் தமிழில் ஏதோ சொன்னேன். திரும்பவும் டெனிஷ். பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில், சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, வேலை இடத்தில தமிழ் வேண்டாம். உப்புப் பாக்கிறது நான், கதவு பூட்டுறது நீர். ரெண்டு பேரும் தங்களுக்கு விளங்காத பாசையில கதைச்சால் அவை என்ன நினைப்பினம்? கள்ளக் கணக்கு எண்டுதான் நினைப்பினம். விளங்குதோ?"

"நாங்கள் என்ன களவோ எடுக்கிறம் அக்கா?"

"எடுக்கிறீரோ இல்லையோ, அது பிறகு பாப்பம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வேலையில் அவரைக் கூப்பிடவே எனக்கு வழி இல்லாமல் போயிற்று. டெனிஷ்காரர் எல்லாரும் அவரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மேலதிகாரி கிர்ஸ்டனையும் அப்படித்தான். மூத்த மனுசியைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் வாய் வராது. அக்கா என்று கூப்பிட அவர் விடமாட்டார். அதனால் செருமிச் செருமியே காலம் போயிற்று. ஒருநாள் கிர்ஸ்டன் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் இருவருக்கும் ஏதாவது பகையா? உங்கள் நாட்டுச் சண்டை ஏதாவதா?" என்று இரக்கமாகக் கேட்டார். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

கந்தோரில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் பொவுல். என்னோடு முறை மாற்றிக் கதவு பார்க்கிற டெனிஷ்காரர், அந்த வேலையிலேயே தலை நரைத்தவர். எனக்கு வேலை பழக்கியதும் அவர்தான். கதவைப் பூட்ட ஒரு பொத்தானை அமத்தினால் போதும். ஆனால் அதற்கு முன்னால் நீளக் கழி ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டுக் கதவு வந்து இருக்கும் அடிப்படியைக் கரையிலிருந்து கரைவரை குத்திப் பார்க்கவேண்டும். நாணலும் மரத்துண்டும் அடித்துக்கொண்டு வந்து அங்கே தங்கும். அதன்மேல் கதவு இருந்தால், மேலே பூட்டினமாதிரி இருக்கும், அடியால் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கும். கழி குத்துவது குளிரில் கை விறைக்கிற வேலை.

பொவுலும் நானும் ஒருநாள் கடையில் அக்காவைக் கண்டோம். கடை கந்தோர் இல்லையே என்று நான் வாய்நிறைய "அக்கா" என்றேன். அப்படி என்றால் என்ன என்று பொவுல் கேட்டார். மூத்த சகோதரி என்று சொன்னேன். "ஓ" என்றார். அதற்கு மேல் விளக்க என் டெனிஷ் அப்போது காணாது.

அக்கா எங்கள் வீட்டுக்கும் சாப்பிட வந்திருக்கிறார். என் மனைவி சுபா ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைத்துக் கூப்பிட்டிருந்தாள். அக்கா சோற்றைப் பிசைந்தார், மீனைத் தொட்டார், கை நின்றது.

"மீன் எங்கால?"

"துறைமுகத்தடியில வாங்கினது அக்கா. நல்ல பிறெஷ்" என்றாள் சுபா.

"எந்தக் கடையில?"

சுபா கடையைச் சொன்னாள். அக்கா சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்றும் சொன்னார். நாலைந்து நாள் கழித்து அந்த மீன்கடைக்காரர் என்னைக் கண்டு, "உங்கள் ஆள் ஒருவர் வந்து, நீங்கள் போன வாரம் என்னிடம் மீன் வாங்கினீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். வாங்கினார் என்று சொன்னேன், சரிதானே?" என்றார். கதவைப் பிந்திப் பூட்டி, அதில் வருகிற மீனை நான் வலைபோட்டு எடுக்கிறேனோ என்று அக்காவுக்குச் சந்தேகம்.

"உங்கட அக்காவாம் அக்கா" என்று சுபா அன்றைக்குச் சட்டியைப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்கட்டும் பாப்பம்."

அக்காவின் சந்தேகம் எப்போதும் பலிக்கும் என்று நினைக்கவேண்டாம். அவருடைய மாடிப்படியில் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போன வருசம், கீழ்வீட்டுப் பெண்தான் உப்புத் தண்ணீர் ஊற்றினாள் என்று மண்ணைத் தோண்டிக் கந்தோருக்குக் கொண்டுவந்து சோதித்தார். உப்பு இல்லை. குளிருக்குப் பட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணோடு கதைக்காமல் விட்டவர் பிறகும் கதைக்கவில்லை. "இந்த முறை ஊத்தேல்லை" என்றார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஸ்கீவ என்ற பட்டணத்தில் இருக்கும் தமிழர் ஒருவர் காரணம் வைத்திருந்தார். ஊரில் அக்கா வீட்டுக் கிணறு உவராகிப் போனதாம். பக்கத்துத் தோட்டக்காரன் மெசின் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் வந்த வினையாம். எல்லாருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். நான் இதை ஒருநாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"ஆர் சொன்னது?"

சொன்னவரைச் சொன்னேன்.

"அவர் அந்தக் கிணத்தைக் கண்டவரோ?"

"தெரியாது அக்கா."

"அப்ப ஏன் நம்பினனீர்?"

அதோடு அந்தக் கதையும் முடிந்தது. உண்மையோ பொய்யோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வருசத்தில் ஒருமுறை இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே படகில் போய்த் தண்ணீர் அளப்பது ஒரு வழக்கம். எங்கள் கருவி ஒன்று, அவர்கள் கருவி ஒன்று. இரண்டையும் முழங்கை ஆழத்துக்கு இறக்குவார்கள். எண்ணை வாசிப்பார்கள், கை கொடுப்பார்கள், கரைக்கு வந்து கோப்பி குடிப்பார்கள். அடுத்தமுறை யார் கேக் கொண்டுவருவது என்பதில்தான் கூடுதலான பேச்சு நடக்கும். முழங்கை ஆழம் என்று எந்தக் காலத்தில் யார் முடிவெடுத்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

பிரச்சினை ஒரு இலையுதிர்காலத்தில் தொடங்கியது. ஜெர்மன் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் மாடுகள் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க மறுக்கின்றன என்று முறைப்பாடு செய்தார். இரண்டு நாட்டுக் கருவியும் தண்ணீர் நல்லது என்று காட்டின. மீன் திட்டத்தை நிறுத்தத்தான் பண்ணைக்காரர் கதை கட்டுகிறார் என்று எங்கள் கந்தோரில் பேசிக்கொண்டார்கள். "மாடு பொய் சொல்லாதே" என்று யாரோ சொல்ல, அக்கா நிமிர்ந்து பார்த்து, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வருசப் படகில் அக்கா கருவியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்று ஜெர்மன் அதிகாரி மரியாதையாகச் சொன்னார். கிர்ஸ்டனும் தலையாட்டினார். கேக் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை அக்கா படகை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஓட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார். பொவுலைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டது பாசத்தால் அல்ல, என்னைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளத்தான். ஆற்று நடுவில் நாங்கள் இரண்டு பேர், கேட்பதற்கு நாலு வாத்து, அப்போதும் மனுசி டெனிஷில்தான் கதைத்தார். ஆறு வளைகிற இடத்தில் ஆழமான கிடங்கு ஒன்று இருக்கிறது. கருவியை இறக்கிக்கொண்டே போனார். மேலே நல்ல தண்ணீர், நடுவிலும் நல்ல தண்ணீர். அடிக்குக் கிட்டப் போனதும் எண் எகிறிப் பாய்ந்தது. உப்புத் தண்ணீர் பாரம் கூடியது, அது அடியில் போய்ப் படுத்திருந்திருக்கிறது. முழங்கை ஆழத்தில் தேடினால் எந்த நாட்டுக்காரருக்கு அகப்படும்?

அக்கா கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குற்றமும் செய்யாமலே நான் பார்வையைத் தண்ணீருக்குத் திருப்பிக்கொண்டேன்.

கதவடிக்குக் கமரா இறக்கினார்கள். அடிப்படியின் ரப்பர் பல இடங்களில் நசிந்து கிழிந்திருந்தது. மரத்துண்டுகளின்மேல் கதவு திரும்பத் திரும்ப இருந்த அடையாளம். அதாவது கழி குத்தாமல் யாரோ கதவைப் பூட்டியிருக்கிறார்கள். கதவைப் பூட்டுகிறவர்கள் பொவுலும் நானும் மட்டும்தான். பொவுலைப் பற்றி யார் என்ன நினைப்பார்கள்? புதிதாக வந்தவன் நான்.

இந்த வேலை போனால் எனக்கு வேலை மட்டும் போகாது. சுபாவைக் கட்டித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன், நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் காலம் கிட்டியிருந்தது. அதற்கு வேலை அறாமல் இருக்கவேண்டும். அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும், இடையில் சட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவார்களோ தெரியாது. சுபாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். இரவில் இரண்டு பேரும் நித்திரை கொள்கிறமாதிரி ஆளுக்காள் நடித்துக்கொண்டு கிடந்தோம்.

கூட்டம் வைத்தார்கள். கிர்ஸ்டன், ஜெர்மன் அதிகாரி, முறைப்பாடு செய்த பண்ணைக்காரர், பொவுல், நான், அக்கா. அன்றைக்கு ஒருவரும் கேக் கொண்டுவரவில்லை.

கிர்ஸ்டன் என்னைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கழி விட்டீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். பொவுலிடமும் கேட்டார். "எத்தனை வருசமாக இந்தக் கதவைப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார் பொவுல். அது பதில் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது. கிர்ஸ்டன் திரும்பவும் என்னிடம் வந்து, மெல்லிய குரலில், "நீங்கள் விட்டதை யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்றார். தனியே நின்று செய்கிற வேலைக்கு நான் யாரைச் சாட்சி கூப்பிட?

"நான் பார்த்தேன்" என்றார் அக்கா.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். டெனிஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மாட்டுப் பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இவருடைய முறை வருகிற நாளெல்லாம், கடல் ஏறுகிற நேரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் அணையடியில் காரில் இருந்து தூரக்கண்ணாடியால் பார்த்தேன். இவரை நான் நம்பவில்லை. அதனால் பார்த்தேன். ஒருநாளும் கழி விடாமல் இவர் கதவைப் பூட்டவில்லை."

எனக்கு அழுகையா கோபமா வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் பொவுல் வாய் திறந்தார்.

"ஆனால் அவர் இவருடைய சகோதரி."

பொவுல் அதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்றால், இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் கேட்டதும் அதுதான், நான் சொன்னதும் அதுதான். கிர்ஸ்டனின் முகம் மாறியது. "இதை நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லையே" என்றார். எங்கள் ஊரில் தேங்காய் விற்கிற மனுசியும் அக்காதான் என்று நான் உளறினேன். கேட்க யாரும் தயாராயில்லை. இத்தனை காலம் ஒரு சொல் தமிழ் பேசாமல் மனுசி எதற்குப் பயந்தாரோ அது மேசையில் வந்து குந்திக்கொண்டது.

அப்போதுதான் ஜெர்மன் பண்ணைக்காரர் தொண்டையைச் செருமினார். எல்லைப் பக்கத்து ஆள், நல்ல டெனிஷ் பேசுவார். காது சிவந்துபோயிருந்தது.

"அந்தக் காரை நான் கண்டிருக்கிறேன். வருகிற நாளெல்லாம் வேறு வேறு நேரம், கடலோடு வரும், கடலோடு போகும். உள்ளே இந்த அம்மா. என் கன்றுகளை நோட்டம் பார்க்கிறார் என்று நினைத்தேன். பொலிசுக்கும் ஒருமுறை சொன்னேன். மன்னிக்கவேண்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைக் காட்டினார். "எதைப் பார்க்கிறார் என்று அறிய நானும் தூரக்கண்ணாடி எடுத்துக்கொண்டு அணையில் ஏறினேன். கதவுக்கு மேலே இவர் நின்று ஒரு நீளக் கழியால் தண்ணீரைக் குத்திக்கொண்டிருப்பார். நான் போன நாளெல்லாம் குத்தினார். ஆளுக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தேன்."

பிறகு பொவுல், மேசையைப் பார்த்தபடி, "எனக்கு முதுகு ஏலாது. சில நாள் கழி விடாமலே பூட்டிவிடுவேன்" என்றார். அவரைக் களஞ்சிய வேலைக்கு மாற்றினார்கள். கண்டால் இன்றைக்கும் கை காட்டுவார், முன்போல நின்று கதைக்கமாட்டார். அவரை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டு வாசலில் வந்து மணி அடித்தார். சுபாதான் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்கோ அக்கா" என்று கையைப் பிடித்தாள். அவர் உள்ளே வரவில்லை. நான் நன்றி சொல்லத் தொடங்கக் கையால் மறித்தார்.

"பொவுலின்ர முறையில நான் ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை. தெரியுமோ?"

"அவரை எல்லாரும் நம்பினவை தானே அக்கா. நானும் நம்பினனான்."

"அதுக்கில்லைத் தம்பி. கதவுக்குப் புது ஆள் எடுக்கினம் எண்டு கிர்ஸ்டன் பேரைக் காட்டினவ. உம்மட முகத்தை நான் அப்ப கந்தோரில கண்டதுமில்லை, உம்மட வேலையைக் கண்டதுமில்லை. தமிழ்ப் பேர். அதை வாசிச்ச உடனயே, இவனை ஒரு கண் பாக்கவேணும் எண்டு நினைச்சிட்டன்."

இதையே ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், வாயில் வந்ததைக் கேட்டும் இருப்பேன். அக்கா என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். சுபா என்னைப் பார்த்தாள். அவரிடம் அதைக் கேட்க எனக்கு நியாயமில்லை, ஏனென்றால் அவருடைய பெயரை அந்தக் கந்தோரில் முதன்முதல் கேட்டபோது எனக்கும் சந்தோசத்துக்கு முன்னால் வந்தது, இன்னொரு தமிழரால் எனக்கு என்ன வருமோ என்ற பயம்தான்.